மாமனார் ஆஜர்

கூடத்தில் ஆஜரானவர்கள்: பஸ் டெப்போவில் முப்பத்தாறு வருடம் வருகைப் பதிவேடு எழுதி, போன மாதம் ஓய்வு பெற்ற டைம்கீப்பர். அவர் மனைவி. மனைவியின் அப்பா, வயது எண்பத்தாறு, காது மந்தம் என்று பேர். ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். மேஜை மேல் டைம்கீப்பரின் ஓய்வுப் பணம், நாற்பது லட்சத்துக்கு ஒரு செக். நடந்த கூத்துக்கெல்லாம் அதுதான் காரணம்.

"உங்க வயசுக்கு மாசம் இருபத்தஞ்சாயிரம் சார்" என்றார் ஏஜெண்ட். "உயிரோட இருக்கற வரைக்கும் வந்துகிட்டே இருக்கும்."

"போட்ட பணம்?"

"அது கம்பெனிக்கு. போனப்புறம் உங்களுக்கு எதுக்கு சார் பணம்?"

வீட்டுச் செலவு மாதம் முப்பத்தைந்தாயிரம். பத்தாயிரம் உதைத்தது. டைம்கீப்பர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அட்டவணையில் விரலை ஓட்டினார். அறுபது வயதில் தொடங்கிய விரல் கீழே இறங்க இறங்கத் தொகை ஏறியது. எண்பத்தாறில் விரல் நின்றது.

"எழுபதாயிரம்னு போட்டிருக்கு. தப்பா அச்சடிச்சுட்டாங்களா?"

ஏஜெண்ட் குரலைத் தாழ்த்தினார். "வயசானவங்களுக்கு அதிகமா குடுப்பாங்க சார். ரொம்ப நாள் குடுக்க வேண்டி வராதுன்னு ஒரு நம்பிக்கை."

மூன்று பேரும் பெரியவரைப் பார்த்தார்கள். அவர் ஆறாவது பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், இன்னும் இரண்டு மாதம்தான் என்று ஒரு டாக்டர் நாள் குறித்துக் கொடுக்க, கடைசி நாட்களை மகள் வீட்டில் கழிக்க வந்தவர் அவர். நாள் குறித்த டாக்டர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது.

"மாமா பேர்லயே போடுங்க" என்றார் டைம்கீப்பர்.

"எங்கப்பா உசிரை வெச்சு சூதாடறீங்களா?" என்றாள் மனைவி.

"ஆடறது கம்பெனி. நான் உங்கப்பா கட்சி."

கணக்கு சுலபம். ஐம்பத்தேழு மாதம் பணம் வந்தால் போட்டது கிட்டத்தட்டத் திரும்பிவிடும். ஐம்பத்தெட்டாவது மாதத்திலிருந்து லாபம். பெரியவர் அதற்குள் போனால் முப்பத்தாறு வருட உழைப்பும் அவரோடு போகும். தினம் ஆறு பிஸ்கட் சாப்பிடுகிறவர் எங்கே போய்விடப் போகிறார்?

பெரியவர் கணக்கில் முதல் எழுபதாயிரம் விழுந்தது. டைம்கீப்பர் கார்டைக் கொண்டுபோய்ப் பணம் எடுத்து வந்து, மனைவி கையில் வைத்து, அவளைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றினார்.

மறுநாள் காலை பெரியவர் இருமினார்.

ஒரே ஒரு இருமல். டைம்கீப்பர் பல் தேய்த்த நுரை வாயோடு ஆட்டோ பிடிக்க ஓடினார்.

டாக்டர் குழாயை வைத்துப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல. இந்த வயசுல மாடிப்படி மட்டும் வேண்டாம்."

அன்றைக்கே பெரியவர் மாடி அறையிலிருந்து கீழே, பெரிய ஜன்னல் வைத்த படுக்கையறைக்கு இறங்கினார். தம்பதியர் மாடிக்கு ஏறினார்கள். மேலே இருந்தால் மாமாவின் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. அதனால் டைம்கீப்பர் மணிக்கு இரண்டு தடவை இறங்கி வந்து, மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டு ஏறினார்.

"கல்யாணமாகி முப்பத்தி மூணு வருஷம்" என்றாள் மனைவி. "ஒருநாள் எனக்கு நாடி பிடிச்சுப் பாத்திருக்கீங்களா?"

"உன் பேர்ல பணம் போடலையே."

டெப்போ பழக்கம் விடவில்லை. ஒரு பதிவேடு வாங்கிக் கோடு போட்டு, தினம் காலை ஆறு மணிக்கு 'மாமனார் - ஆஜர்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஓடி ஓடி மூச்சு வாங்கியதால் ஒரு யோசனை செய்தார். தன் பழைய டெப்போ விசிலை எடுத்துப் பெரியவர் கழுத்தில் மாட்டிவிட்டார்.

"ஏதாவது ஒரு மாதிரி இருந்தா ஊதுங்க மாமா. பறந்து வந்துடறேன்."

பெரியவர் டீக்கு ஊதினார். பேப்பருக்கு ஊதினார். ஃபேனைக் கூட்டச் சொல்லி ஊதினார், குறைக்கச் சொல்லியும் ஊதினார். ஒவ்வொரு விசிலுக்கும் டைம்கீப்பர் இருபத்திரண்டு படி இறங்கினார். எது நெஞ்சுவலி விசில், எது பிஸ்கட் விசில் என்று எப்படித் தெரியும்?

மறுபடியும் டாக்டரிடம் போனார்கள்.

"நெஞ்சு நல்லாருக்கு. மனசு நோகாம மட்டும் பாத்துக்கங்க. கேட்டதுக்கு இல்லைன்னு சொல்லாதீங்க" என்றார் டாக்டர்.

காது மந்தமான பெரியவருக்கு இது மட்டும் தெளிவாகக் கேட்டது. வீட்டுப் படியேறுவதற்குள் கையை நீட்டினார்.

"என் பேங்க் கார்டைக் குடுங்க மாப்பிள்ளே."

"அது எதுக்கு மாமா உங்களுக்கு?"

பெரியவர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். கார்டு கை மாறியது.

அதன் பிறகு வீட்டுச் செலவுக்கு டைம்கீப்பர் மாமனாரிடம் கேட்டு வாங்கினார். "எதுக்கு? எவ்வளவு? போன வாரம் குடுத்தேனே?" என்ற விசாரணை முடிந்துதான் காசு வரும். மீதியை என்ன செய்கிறார் என்று கேட்க முடியாது. மனசு நோகும்.

ஒரு நல்லதும் நடந்தது. பன்னிரண்டு வருடமாகப் பேப்பருக்குப் பின்னால் இருந்த மனிதர் இப்போது அன்பாகப் பேசினார்.

"ராத்திரி எவ்வளவு நேரம் தூங்கறீங்க மாப்பிள்ளே?"

"மூணு மணி நேரம் மாமா. உங்க நெனப்புதான்."

"படி ஏறினா மூச்சு வாங்குதோ?"

"கொஞ்சம்."

"உங்கப்பா எத்தனை வயசுல போனார்?"

"அறுபத்தி மூணு."

"அடடா" என்றார் பெரியவர். "சின்ன வயசு." சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து என்னவோ எழுதிக்கொண்டார்.

டைம்கீப்பர் இரண்டிரண்டு படியாகத் தாவினார். மாடிக்குப் போய் மனைவியிடம், "உங்கப்பாவுக்கு என் மேல இவ்வளவு பாசம் இருக்கும்னு தெரியாது" என்றார்.

"எனக்கும் தெரியாது" என்றாள் அவள்.

மூன்றாம் மாத இறுதியில் ஒருநாள் காலை ஏஜெண்ட் வந்தார். கூடவே ரத்தம் எடுக்கும் பெண் ஒருத்தி, கையில் பெட்டியோடு. பெரியவர் வாசலில் நடைப்பயிற்சிக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்.

டைம்கீப்பர் பதறிப்போனார். "கம்பெனில மாமாவைச் சந்தேகப்படறாங்களா? இதோ பாருங்க, பதிவேடு. எண்பத்தெட்டு நாள், ஒருநாள் கூட லீவு இல்ல. சொட்டு ரத்தம் போதும்மா, மெதுவா குத்து. அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் நடுத்தெருவுல நிப்பேன்."

"நீங்க உக்காருங்க சார்" என்றாள் அந்தப் பெண்.

"நான் எதுக்கு?"

அவள் ரப்பர் பட்டையை அவர் கையில் கட்டினாள். ஊசிக்குப் பயந்து டெப்போவில் மருத்துவ முகாம் நடக்கும்போதெல்லாம் ரிப்பேர் பஸ்ஸுக்குள் ஒளிந்துகொண்ட மனிதர். எழுந்து வாசலைப் பார்த்தார். பெரியவர் வெளியே இறங்கி, கதவைப் பாதி சாத்தி, பூட்டைக் கையில் வைத்திருந்தார்.

"என்னம்மா இது? யார் அனுப்பினாங்க?"

"உங்க மாமனார் உங்க உயிருக்கு ஒரு கோடிக்கு பாலிசி எடுக்கறார் சார். வாரிசு அவர் பொண்ணு" என்றாள் அவள், ஊசியைப் பிரித்தபடி. "உங்களுக்கு ஏதாவது வர்றதுக்குள்ள எடுத்துடணும்னு மூணு வாரமா ஒரே அவசரம் அவருக்கு."

வாசலில் ஒரு விசில் கேட்டது. கதவு சாத்திக்கொண்டது. வெளிப்பக்கம் பூட்டு விழுந்தது.