வில்லோஹம் மனுசிக்கு வல்லாரைச் சம்பல்

"வில்லோஹமா? அப்படியோர் ஊரை நான் கேள்விப்பட்டதே இல்லையே" என்றார் கிழவி, சோபாவில் வசதியாகச் சாய்ந்துகொண்டு.

நாற்பது வருடம் அந்த ஊரில் குடியிருந்து, அதன் வரலாற்றையே புத்தகமாக எழுதிய மனுசி பேசுகிற பேச்சா இது? பத்திநாதர் குசினிக்குள், சமைத்துக்கொண்டிருந்த மனைவியிடம் பாய்ந்தார்.

"அனுஜா, மோசம் போயிட்டமப்பா! மனுசிக்கு மறதி வருத்தம்."

"ஆர் சொன்னது?"

"அவவே சொல்லுறா. சொந்த ஊரே தெரியாதாம்!"

விஷயம் இதுதான். பத்திநாதரின் தங்கை மேரிறோஸ் இங்கிலாந்தில் வில்லோஹம் என்ற சின்ன ஊரில் இருக்கிறாள். விடிந்தால் பாதி ஊர் ரயிலேறி லண்டனுக்கு வேலைக்குப் போய், பொழுதுபட்டுத் திரும்புகிற ஊர். கைக்குழந்தையோடு தனித்து நின்ற மேரிறோசும் காலை ஆறு பன்னிரண்டு ரயிலைப் பிடித்தே ஆகவேண்டும். குழந்தை றூபனை ஏழு வருடம் தன் பிள்ளைபோலப் பார்த்தவர் பக்கத்து வீட்டு டொரத்தி அம்மையார். அவர்தான் இன்று தெற்கே போகிற வழியில், பத்திநாதர் இருக்கிற பாரிசில் மூன்று மணித்தியாலம் நிற்கிறார்.

"அண்ணை, எனக்காக அவவுக்கு ஒரு நேரச் சாப்பாடு குடுத்து, வடிவாய் நன்றி சொல்லுங்கோ. எண்பத்திரண்டு வயசு. இனி இந்தப் பக்கம் வருவாவோ தெரியாது" என்று மேரிறோஸ் போனில் அழுதிருந்தாள். அம்மையார் எழுதிய புத்தகத்தையும் முன்கூட்டியே தபாலில் அனுப்பியிருந்தாள். வெள்ளைத் தலை, நீலக் கோட்டு, சின்னப் பெட்டி என்று அடையாளமும் சொல்லியிருந்தாள்.

இங்கிலாந்து ரயில் வந்து நிற்கிற கார் து நோர் ஸ்டேசனில் நீலக் கோட்டு ஒரு வாங்கிலில் உட்கார்ந்திருந்தது. பத்திநாதருக்கு ஆங்கிலம் அவ்வளவாக ஓடாது. பூச்செண்டை நீட்டிப் பிரெஞ்சிலேயே சொன்னார்: "நீங்கள் பிள்ளையைப் பார்த்தவர். நான் தாயின் அண்ணன். நன்றி சொல்ல வந்தேன்." கிழவி ஒரு கணம் திகைத்து, பிறகு முகமெல்லாம் மலர்ந்து, கூடவே வந்துவிட்டார். என்ன அருமையான பிரெஞ்சு! இங்கிலீசுக்காரர் படித்தால் படித்ததுதான் என்று லா சப்பலில் இருக்கிற வீடு வரைக்கும் பத்திநாதர் வியந்துகொண்டே வந்தார்.

"இஞ்சாருங்கோ, ஆள் சரியான ஆள்தானோ? பேரை ஒருக்கால் கேட்டுப் பாருங்கோவன்" என்றாள் குசினியில் நின்ற அனுஜா.

"உனக்கென்ன விசரோ? எண்பது வயசு மனுசியிட்டை 'பேர் என்ன' எண்டு கேக்கிறதோ? உன்ரை அம்மாவின்ரை பேரையே நான் அவவின்ரை செத்தவீட்டு நோட்டீசிலைதான் கண்டனான்!"

அனுஜா அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

பத்திநாதர் புத்தகத்தோடு கிழவிக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். ஊர்க்கதையைச் சொன்னால் ஞாபகம் வராமலா போகும்? தெரிந்த அளவு ஆங்கிலத்தை வாசித்து வாசித்துப் பிரெஞ்சில் சொன்னார்.

"அம்மா, வில்லோஹமுக்கு ரயில் வருவதற்கு முன்னால் ஒரு பியர் ஆலையும் ஒரு வாத்துக்குளமும்தான் இருந்தன. குளத்தைத் தூர்த்துத்தான் ஸ்டேசன் கட்டினார்கள்."

"பாவம் வாத்துகள்."

"ஸ்டேசன் வந்தபிறகு லண்டன் உத்தியோகத்தர்கள் வந்து குடியேறினார்கள். இதையெல்லாம் எழுதியது யார் தெரியுமா?"

"யாரோ நல்ல பொறுமைசாலி" என்றார் கிழவி.

பத்திநாதர் திரும்பவும் குசினிக்கு ஓடினார். "முத்தின கேஸ். வல்லாரை இருக்கோ?"

"சம்பல் போட்டு வைச்சிருக்கு. ஆனால் அது எங்களுக்கெண்டு போட்டது, உறைப்பு..."

"மறதிக்கு வல்லாரையை விட்டால் வேறை என்ன இருக்கு? கொண்டா இஞ்சை!"

முதல் கரண்டியிலேயே கிழவியின் முகம் சிவந்தது. இரண்டு கண்ணாலும் தண்ணீர் ஊற்றியது.

"அனுஜா, அழுகிறா! ஞாபகம் வருது!" என்று பத்திநாதர் இன்னொரு கரண்டி வைத்தார்.

"ஐயோ, அது உறைப்பப்பா! தண்ணியைக் குடுங்கோ!"

பதற்றத்தில் அவர் எடுத்துக் கொடுத்தது குமிழி அடிக்கிற காஸ் தண்ணீர். கிழவிக்கு விக்கல் பிடித்தது. பிடித்த விக்கல் நிற்பதாயில்லை. நன்றி சொல்லக் கூட்டிவந்த மனுசியைக் கொன்றுவிடுவேன் போலிருக்கிறதே, மாதாவே! பத்திநாதர் அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, ஊர் கிடக்கட்டும்" என்றார். "விடியமுன் ஒரு தாய் வந்து கதவைத் தட்டுவாள். தூங்குகிற பிள்ளையை உங்கள் தோளில் போட்டுவிட்டு ரயிலுக்கு ஓடுவாள். அதுவுமா மறந்துபோனது?"

விக்கல் நின்றது.

"அதை எப்படி மறப்பேன்?" என்றார் கிழவி மெதுவாக. "பைஜாமாவோடு கொண்டுவருவாள். ஒரு கால் சப்பாத்து எப்போதும் குறையும். மாலையில் ரயில் பிந்தினால் பிள்ளை ஜன்னலை விட்டு அசையாது. நானும் பக்கத்தில் நிற்பேன்."

பத்திநாதர் விம்மிவிட்டார். "நீங்கள் இருந்தபடியால்தான் என் தங்கை வேலைக்குப் போனாள், அம்மா. எங்கள் குடும்பமே உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது. அந்தப் பிள்ளை இப்போது டாக்டருக்குப் படிக்கிறான்."

"டாக்டருக்கா!" கிழவி அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். இது சம்பல் அழுகையில்லை. அனுஜாவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பொன்னாடையை எடுத்துக் கிழவிக்குப் போர்த்திவிட்டாள். பத்திநாதருக்கு மனம் நிறைந்துபோயிற்று.

அப்போது போன் அடித்தது. மேரிறோஸ்.

"அண்ணை, எங்கை நிக்கிறியள்? டொரத்தி அம்மா ஒரு மணித்தியாலமாய் ஸ்டேசனிலை காத்துக்கொண்டு நிக்கிறா!"

மேரிறோஸ் போட்ட சத்தம் அனுஜாவுக்கும் கேட்டது. பத்திநாதர் போனையும் கிழவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாத்துக்கொண்டு நிக்காதையுங்கோ, ஓடுங்கோ! இன்னும் நேரம் கிடக்கு" என்று அனுஜா அவருடைய சப்பாத்தைத் தூக்கிக் கொடுத்தாள்.

ஒரு சப்பாத்தை மாட்டிக்கொண்டே அவர் திரும்பினார். "அம்மா... அப்படியென்றால் நீங்கள் யார்?"

கிழவி பொன்னாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"நான் பாரிசுக்கு வெளியே ஆர்ஜொந்தெய் என்ற ஊரில் முப்பது வருடம், வேலைக்குப் போக சேன்-லசார் ரயிலுக்கு ஓடுகிற தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்தவள், அவர்களில் ஒருத்தியாவது நன்றி சொல்ல அண்ணனை அனுப்பினாளே என்றுதான் உங்களோடு வந்தேன்."