கால்வாய் அலுவலகம் கண்ட கனவு

மனித குலம் தன் ஆழ்மனத்தை எங்கே வென்றது என்று பிற்காலத்தில் யாராவது கேட்டால், தயங்காமல் பதில் சொல்லலாம்: சூய் பள்ளத்தாக்கில், எங்கள் வட்டக் கால்வாய் அலுவலகத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. உலகெங்கும் அதிகாரிகள் அலுவலகத்தில் தூங்குகிறார்கள். தூங்குகிறோம் என்று தெரிந்தே தூங்கிய பெருமை எங்களுக்கு மட்டும்தான். அங்கே எழுத்தராக இருந்த பாக்கியத்தால் இதை எழுதுகிறேன்.

எல்லாம் எர்மேக் என்ற 'கனவு வழிகாட்டி' தலைநகரிலிருந்து வந்த நாளில் தொடங்கியது. கனவு காணும்போதே இது கனவு என்று தெரிந்துகொள்ள வேண்டும், வருகிற பொருளை நிறுத்தி, "நீ எனக்குள் எதன் சின்னம்?" என்று கேட்க வேண்டும், அது பதில் சொல்லும் என்பது அவர் பாடம். குதிரை ஒருவருக்கு அப்பா, இன்னொருவருக்கு மாமியார். எல்லாம் அவரவர் சொந்தச் சொத்து.

பயிற்சிக்காகப் பகலிலும் அடிக்கடி கைவிரல்களை எண்ண வேண்டுமாம். கனவென்றால் விரல் கூடும், குறையும். எங்கள் இயக்குநர் ஜுமாகாதிர் இதை உடனே 'அலுவல் நடைமுறை' ஆக்கினார். அன்றுமுதல் யார் எதைக் கேட்டு வந்தாலும் நாங்கள் முதலில் விரலை எண்ணினோம். அதன் பிறகு வேறு வேலை செய்ய நேரம் இருப்பதில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் கீழ்த்தெரு புபுசாரா அக்கா உள்ளே நுழைந்தார். நல்ல கோடை. அவருடைய வெங்காய வயல் மதகுக்குக் கீழே காய்ந்து கிடந்தது. மதகுக்கு மேலே தண்ணீர் ததும்பி நின்றது. நடுவில் இருந்தது ஒரு பூட்டு. சாவி இயக்குநரின் மேசை இழுப்பறையில்.

"தம்பி, மதகத் தொறந்து விடு. வெங்காயத் தாளு சுருண்டுபோச்சு. இந்த வாரம் தண்ணி வரலன்னா அவ்வளவுதான், வருஷமே போச்சு."

இயக்குநர் விரல்களை எண்ணினார். "அஞ்சுதான் இருக்கு. அப்ப இது நெஜம்."

"நெஜமாத்தான் வந்து நிக்கறேன்."

"அவசரப்படாதீங்க அண்ணே," என்றார் எர்மேக். "முழிச்சிருக்கும்போதும் சின்னம் வரும். கேட்டுப் பாருங்க."

இயக்குநர் கண்ணை மூடினார். "புரியுது. தண்ணின்னா உணர்ச்சி. நான் அடக்கி வெச்சிருக்கறத தொறந்து விடச் சொல்றீங்க. வெங்காயம்... உரிக்க உரிக்க உள்ள ஒண்ணுமில்ல. அது நான்தான்!"

"அது ஊருக்கே தெரியும் தம்பி. மதகு என்னாச்சு?"

"ஆழமான கேள்வி," என்று உருகிப்போய், அதை ஆராய்வதற்காக இயக்குநர் தன் அறைக் கட்டிலுக்குப் போனார். அக்கா வாசல் படியில் உட்கார்ந்துகொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் விரலை எண்ணினேன். உத்தரவு உத்தரவுதானே.

கொஞ்ச நேரத்தில் இயக்குநர் வெளிறிய முகத்தோடு, கையால் வாயைப் பொத்தியபடி ஓடி வந்தார்.

"பார்த்தீங்களா? என்ன வந்துச்சு? வட்டமா உக்காந்து பகிர்ந்துக்கலாம்!" என்று துள்ளினார் எர்மேக்.

இயக்குநர் வேகமாகத் தலையாட்டி மறுத்தார். எத்தனை பயிற்சி எடுத்தாலும் அவர் எங்கள் ஊர்க்காரர். எங்கள் ஊர் நம்பிக்கைப்படி, கெட்ட கனவை மனிதர் காதில் முதலில் போட்டால், கேட்டவர் வாயில் வருவதுதான் பலிக்கும். ஓடுகிற தண்ணீரிடம் சொல்லிவிட்டால் அது அடித்துக்கொண்டு போய்விடும். அவர் நேரே முற்றத்துக் குழாய்க்கு ஓடினார்.

"அது ஓடுற தண்ணியா தம்பி?" என்றார் அக்கா, படியை விட்டு நகராமல். "தொட்டியில தேங்கிக் கெடந்தது. அதுகிட்ட சொன்னா கனவு வீட்டுக்கே திரும்பி வரும்."

இயக்குநர் கால்வாயைக் காட்டினார்.

"மதகு மூடியிருந்தா அதுவும் தேக்கந்தான்."

மூன்று வாரமாகத் திறக்காத இழுப்பறை நொடியில் திறந்தது. சக்கரத்தைச் சுற்றியது நான்தான். தண்ணீர் பாய்ந்ததும் இயக்குநர் கரையில் குந்தி எல்லாவற்றையும் கொட்டினார். அவருடைய வெள்ளைக் கல்பாக் தொப்பி துணை இயக்குநர் கெங்கேஷின் தலையில் இருந்ததாம். கையில் ஏழு விரல் இருந்ததால் கனவென்று தெரிந்ததாம். முறைப்படி, எதன் சின்னம் என்று தொப்பியிடமே கேட்டாராம். "நான் உன் நாற்காலி," என்றதாம் தொப்பி.

சொல்லி முடித்ததும், "மூடு," என்றார் என்னிடம்.

"ஐயோ தம்பி!" அக்கா பதறினார். "இப்ப மூடினா கனவு பாதி வழியில நின்னுக்கும். என் வயலோட கடைசிப் பாத்தியத் தாண்டிப் போவட்டும்."

மறுநாள் விடியும்வரை மதகு திறந்தே இருந்தது. 'ஆழ்மன ஆய்வில் மகத்தான பாய்ச்சல்' என்று மேலிடத்துக்கு அறிக்கை போனது. அது உண்மை. பாய்ந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

இப்போது எங்கள் வட்டத்தில் மனு கொடுப்பாரே இல்லை. அவ்வளவு சிறந்த நிர்வாகம். மாறாக, மதியமானால் விவசாயிகள் இயக்குநருக்குக் குதிரைக் கொழுப்பும் எண்ணெய் வழியும் புலாவுச் சோறும் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து ஊட்டாத குறையாக ஊட்டுகிறார்கள். அவர் மனம் நெகிழ்ந்து சாப்பிட்டுவிட்டுக் கட்டிலுக்குப் போகிறார். நேற்று அக்காவும் ஒரு தட்டோடு வந்தார்.

"அவர் மேல இவ்வளவு பாசமா அக்கா?" என்று கேட்டேன்.

"வயலு மறுபடி காயுதுப்பா," என்றார். "முழிச்சிருந்து இவன் எங்களுக்கு ஒரு சொட்டு விட்டதில்ல. வயிறு முட்டத் தின்னு கெட்ட கனவாவது கண்டு தொலையட்டும்."