தங்கச்சி மருந்து வரும்வரை

ஆராய்ச்சிக்கூடத்தில் பெரிய ஆளாகிவிட்ட என் அருமைத் தங்கைக்கு, தையல்கடை அண்ணன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே உன் அண்ணி சௌக்கியம். நானும் சௌக்கியம்தான், நடுநடுவே கொஞ்சம் மூச்சு இழுக்கிறது, அவ்வளவுதான்.

முதலில், உன் அண்ணி போனில் என்னைப் பற்றி வத்தி வைத்ததை நம்பாதே. மூச்சுக்குழாய்த் தசையில் ஒரு துணுக்கை நூலில் கட்டி, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் தொங்கவிட்டு, ஏதோ இலையிலிருந்து எடுத்த சத்தை அதில் விட்டால் இறுகிய தசை தளர்கிறது என்று நீ சொன்னாய் அல்லவா? நூல் என்றதுமே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. சட்டை இறுக்கினால் தையலைப் பிரித்துவிட வேண்டியது, நம்ம தொழில்தானே! கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நீ படத்தில் காட்டிய மாதிரியே ஒரு செடி நின்றது, மாதிரிதான், அதுவே இல்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது, நாலு இலையைக் கொதிக்கவைத்துக் குடித்துவிட்டு பேங்க் மேனேஜருக்குக் கோட்டு அளவெடுக்க நின்றேன், தளர்ந்தது, மூச்சுக்குழாய் இல்லை, வயிறு. டேப்பை அவர் கழுத்திலேயே விட்டுவிட்டு ஓடினேன். திரும்பி வந்தால் மனிதர் இரண்டு கையையும் விரித்தபடி அப்படியே நிற்கிறார், பாவம். "இன்னும் அளவு முடியலையா?" என்கிறார்.

"தங்கச்சி கண்ணாடித் தொட்டியில செய்யற ஆராய்ச்சியை நீங்க வயித்துலயே செஞ்சுட்டீங்களா?" என்று உன் அண்ணி சிரித்தாள். மறுநாள் சிரிக்கவில்லை. எனக்கு இழுப்பு வந்து, ஆரம்பித்த பேச்சை முடிக்க முடியாமல் மெஷின்மேல் கவிழ்ந்துவிட்டேன். டாக்டர் வாயில் வைத்து அழுத்தி உறிஞ்சுகிற மருந்து கொடுத்தார். நான் தொடவில்லை. அதற்குத்தான் அவள் உன்னிடம் அழுதாள். நீயே சொல்லு, என் தங்கச்சி நீ ராப்பகலா இதுக்குன்னே உழைச்சிட்டிருக்கே, நான் எவனோ செஞ்ச மருந்தை உறிஞ்சினா உன் மூஞ்சில எப்படி முழிக்கிறது? "என் மருந்து வர வருஷக்கணக்காகும், வராமலே போனாலும் போகும், டாக்டர் கொடுத்ததைப் போடுண்ணா"னு நீ போனில் கத்தினாய். கத்து. போட்டால் உன் மருந்து, இல்லாவிட்டால் எதுவும் வேண்டாம். இதுதான் என் முடிவு, மாற்றமே இல்லை.

வேளைக்குச் சாப்பிடு. அந்தத் தசை தளரட்டும், நீ தளராதே. நீண்ட நாள் நன்றாயிரு.

உன் அண்ணன்

பி.கு.: உறையில் போடும்முன் உன் அண்ணி இதைப் படித்தாள். மருந்தைக் கொண்டுவந்து நீட்டினாள். நீட்டிய கையை மடக்கவே இல்லை. வாங்கிக்கொண்டேன். ஒரு இழுப்பு இழுத்தேன், இழுப்பு அடங்கிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே தங்கச்சி. நீ அவசரப்படாமல் நிதானமாகவே கண்டுபிடி. அதுவரைக்கும் நான் இருக்க வேண்டாமா?