எனக்குக் கறுப்புக் காணாதாம்

மைக்கைக் கண்டால் சிலருக்குக் கை நடுங்கும். எனக்கு உரு வரும். (அம்மாவிடம் கேட்டால் "அது உரு இல்லை, பிறவிக் கோளாறு" என்பா.) அப்படிப்பட்டவன் கலியாணம் பேசுகிற காலத்திலாவது வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்க வேண்டும். நான் இருக்கவில்லை.

அப்போது நான் இத்தாலியில், பலேர்மோ நகரத்து அல்பெர்கேரியாப் பகுதியில், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய ஒரு ஒழுங்கையில் குடியிருந்தேன். வேலை, ஒரு இத்தாலியச் சின்யோராவின் (சீமாட்டியின்) வீட்டைத் துடைப்பது. ஆசை, ரெஜினாவைக் கட்டுவது. நான் யாழ்ப்பாணம், ரெஜினா மன்னார்க்காரி, சின்ன வயதிலேயே இங்கே வந்து, பல்லாரோ சந்தைக்காரிகளையே வாயடைக்க வைக்கும் இத்தாலியன் பேசுவாள். அவளுக்குச் சம்மதம். அவளுடைய அப்பா அந்தோனிப்பிள்ளை ஐயாதான் தடை.

ஐயா கடற்கரைப் பக்கம், ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. ஆனால் எங்கள் கோயில் பங்கில் பட்டிமன்றம் என்றால் நடுவர் நாற்காலி அவருக்குத்தான். ஒரு நாள் பூசை முடிந்து என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தம்பி, உம்மிலை எனக்கொரு கோவமும் இல்லை. ஆனா உமக்கு வாய் நீளம். உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு பிடிபடேல்லை. திருநாள் பட்டிமன்றத்திலை ஏறிக் கதையும். கேட்டுப்போட்டு முடிவைச் சொல்லுறன்."

கரும்பு தின்னக் கூலியா! வீட்டுக்கு ஓடினேன்.

அந்த வருடம் பட்டிமன்றத்தில் ஒரு புதுமை. கோயில் மண்டபத்தை எங்களோடு பங்குபோட்ட கானா நாட்டுக்காரரையும் சேர்த்து நடத்துங்கள் என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். தலைப்பைத் தந்தவன் கானாக்காரன் ஐசக். என் வீட்டுக்குக் கீழ் மாடியில் இருந்தவன், துறைமுகத்தில் சாமான் இறக்குகிறவன், நான் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிக்காக குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் நிற்கும்போதெல்லாம் வரிசையில் எனக்கு இடம் பிடித்துத் தந்தவன். அவனுக்கு ஒரு பழக்கம்: டிவியில் கறுப்பர் யாராவது வந்தால் உடனே கசெற்றில் பதிந்து வைப்பான். "எங்களை என்னவாக் காட்டுறாங்கள் எண்டு ஒருநாளைக்கு எல்லாருக்கும் போட்டுக் காட்டவேணும்" என்பான். (இத்தாலியனில் சொன்னதை எங்கடை தமிழில் தருகிறேன்.)

தலைப்பு: "படங்களிலும் டிவியிலும் வரும் கறுப்பர் மனிதரா, வெறும் வேடமா?" வேடமே என்ற அணிக்கு நான் தலைவன். என் பேச்சை வரிக்கு வரி இத்தாலியனில் பெயர்க்க, பக்கத்தில் ரெஜினா. எதிரே நடுவராக மாமனார். (இன்னும் ஆகவில்லை, மனதுக்குள் ஆக்கிவிட்டேன்.)

இங்கே ஒரு சின்ன விஷயத்தைச் சொல்ல வேண்டும். நான் அப்போது ஒருவருக்கும் சொல்லாத விஷயம்.

முந்தின வருடம் எங்கள் ஒழுங்கைக்கு ஒரு பொலிஸ் நாடகம் எடுக்க டிவிக்காரர் வந்தார்கள். பல்லாரோவில் ஒரு சின்யோராவின் கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓட ஒரு ஆபிரிக்கத் திருடன் வேண்டுமாம். ஐசக்கிடம் கேட்டார்கள். "கள்ளனுக்கு மட்டுந்தான் எங்களைத் தேடி வருவியளோ?" என்று கதவைச் சாத்திவிட்டான். அவன் ஆட்களும் ஒருவரும் போகவில்லை. அந்த நேரம் பார்த்து நான் குப்பை கொட்டக் கீழே இறங்கினேன்.

நடிக்கிறாயா என்றார்கள். என் வாழ்க்கையில் இதைவிட இனிமையான கேள்வியை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. என்ன வேடம் என்று கேட்க முதலே தலையாட்டிவிட்டேன்.

மேக்கப்காரி என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். கறுப்புக் காணாதாம், இன்னும் வேணுமாம்! பிறந்த நாள் தொடக்கம் "பொடியன் நல்லவன், நிறந்தான் கொஞ்சம்..." என்று இழுத்த அத்தனை சனமும் அப்போது கண்முன் வந்து போயின. அவள் சுருள்முடித் தொப்பியை மாட்டி, முகம், கழுத்து, கை எல்லாம் மை பூசினாள். ஓடினேன். ஓடுகிற வேகத்தில் மீன்பெட்டி தடக்கி, உண்மையாகவே விழுந்து, உண்மையாகவே கத்தினேன். இயக்குநர் கைதட்டினார்.

நாடகம் ஓடிய நாளில் ஒரு கோப்பி பாரில் நின்று பார்த்தேன். சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். மையும் முடியுமாக எனக்கே என்னைத் தெரியவில்லை. அப்பாடா என்று கோப்பி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சரி, பட்டிமன்றத்துக்கு வருவோம். எதிரணியில் ஒருவர் "இப்ப டொக்டராயும் காட்டுறாங்கள்தானே" என்றார். கானாப் பெண் ஒருத்தி சபையிலிருந்து எழும்பி, "அந்த டொக்டருக்கு வீடு இருக்கோ? பெண்சாதி பிள்ளை இருக்கோ? நோயாளியைப் பாத்துப்போட்டு எங்கை போறார்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி, கை தட்டினார்கள். எனக்குக் கைதட்டலைக் கேட்டதும் பொறாமை. மைக்கைப் பிடுங்கினேன்.

"நடுவர் அவர்களே! வேடம் கொடுப்பவனை விடுங்கள். அதை வாங்கிப் பூசிக்கொள்கிறானே ஒருவன், அவனைக் கேட்கிறேன்! வெட்கம், மானம், சூடு, சொரணை உள்ள எவனாவது இந்தத் திருட்டு வேடத்தைப் போடுவானா?"

ரெஜினா பெயர்த்தாள். கானாப் பக்கம் அதிர்ந்தது. ஐயா முதன்முறையாக என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஐசக் கண் கலங்கி எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்தான். "இவன் சொல்லுறதுக்குச் சாட்சி நான் காட்டுறன்" என்று கசெற்றைப் போட்டான்.

பல்லாரோ சந்தை வந்தது. பரவாயில்லை, தெரியாது, தெரியாது என்று என்னையே தேற்றிக்கொண்டேன். திரையில் திருடன் ஓடினான். பெட்டி தடக்கியது. மண்டபத்து ஒலிபெருக்கியில் கணீரென்று கேட்டது:

"ஐயோ அம்மா! என்ரை கால் போச்சே!"

தமிழ்ப் பக்கம் சிரிப்பில் கூரை பறந்தது. கிழவிகள் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார்கள். கானாப் பக்கம் ஒன்றும் விளங்காமல் முழித்தது. ஐசக் படத்தை நிறுத்தினான்.

"ஏன் சிரிக்கிறியள்? இது சிரிக்கிற விஷயமே? பாருங்கோ, ஏதோ வாயிலை வந்த சத்தத்தைப் போட்டு ஆபிரிக்கப் பாஷையாம். எந்த ஊரிலை இப்பிடிக் கதைக்கினம்?"

ரெஜினா என்னைப் பார்த்தாள். மொழிபெயர்ப்பாளர் பொய் சொல்ல முடியாதே. "அது தமிழ், ஐசக்" என்றாள். "அது இவர்."

நடுவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, அது நீரோ?"

"ஓம், ஐயா." அன்றைக்கு நான் மைக் இல்லாமல் சொன்ன ஒரே சொல் அது.

ஐசக் சிரிக்கவில்லை. "நாங்கள் மாட்டம் எண்டு சொன்னது, அவங்களுக்கு ஆள் கிடைக்கக் கூடாதெண்டுதான்" என்றான். "ஆள் எங்கடை மேல்மாடியிலையே இருந்திருக்கு." அந்தக் குரலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடும். மண்டபத்துச் சிரிப்பெல்லாம் அதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை.

ஐயா தீர்ப்புச் சொன்னார். "ஒரு யாழ்ப்பாணத்தானைப் பிடிச்சு, மை பூசி, ஆபிரிக்கன் எண்டு காட்டியிருக்கிறாங்கள். இதுக்கு மேலை என்ன சாட்சி? வேடந்தான். இவரின்ரை அணி வெண்டிட்டுது." பிறகு மைக்கை மூடிக்கொண்டு என்னிடம் குனிந்தார். "மற்றத் தீர்ப்பை ஐசக் சொல்லட்டும். அவன் உம்மை மன்னிச்சா நானும் யோசிக்கிறன்."

அடுத்த ஞாயிறு ஐசக் வீட்டுக் கதவைத் தட்டினேன். மன்னிப்புக் கேட்கவே விடவில்லை. "இரு" என்று கதிரையைக் காட்டி, தன் கசெற்றுகளைப் போடத் தொடங்கினான். கள்ளன். தூள் விற்கிறவன். வாசல் காவல்காரன். படம் தொடங்கி வசனம் பேச முதலே சாகிறவன். திரும்பவும் கள்ளன். பின்னேரமாக ஆக எனக்குச் சிரிப்பு, கோபம் எல்லாம் போய், அழுகைதான் வந்தது. நல்ல வேடம் ஒன்றாவது வராதா என்று நானே வேண்டத் தொடங்கிவிட்டேன். கடைசியாக என்னுடையதைப் போட்டான். நான் விழுந்தேன். கத்தினேன். ஐசக் திரும்பப் போட்டான். இன்னும் ஒருக்கா போட்டான். பிறகுதான் சிரித்தான் பாவி, கதிரையோடு சாய்ந்து விழுந்து சிரித்தான். "முழு நாடகத்திலையும் உண்மையாக் கதைச்சது நீ ஒருத்தன்தான்" என்றான்.

எங்கள் கலியாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் அவன்தான். இப்போது வடக்கே போய்விட்டான். திருநாள், பிறந்தநாளுக்குத் தவறாமல் போன் எடுப்பான். "ஹலோ" சொல்ல மாட்டான். "ஐயோ அம்மா! என்ரை கால் போச்சே!" என்றுதான் தொடங்குவான், அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழ். போனை எடுக்கிற என் மகளும் அதையே திருப்பிச் சொல்லுவாள்.

போன மாதம் அவளுடைய வகுப்பு மாயெஸ்த்ரா, அதுதான் ரீச்சர், என்னைக் கூப்பிட்டா. எந்த நாட்டில் எப்படி வணக்கம் சொல்லுவார்கள் என்று பாடமாம். என் மகள் எழும்பி, கானாவில் "ஐயோ அம்மா, என்ரை கால் போச்சே" என்றுதான் வணக்கம் சொல்லுவார்கள், எங்கடை ஐசக் மாமா அப்படித்தான் சொல்லுவார் என்று சத்தியம் பண்ணியிருக்கிறாள். வகுப்பு முழுக்கச் சிசிலியன் இழுவையில் அதைப் பாடமாக்கி, கைகுலுக்கிக்கொண்டு திரிகிறதாம்.

அன்றைக்கே ஐசக்குக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"பாத்தியா," என்றான், "உன்ரை படம் இன்னும் ஓடுது."