துப்புக் கொடுத்தவன் இல்லாத ஊர்

நாற்பத்தெட்டு ஆண்டுகள் சர்வாதிகாரம் நடந்தும், அதை ஆதரித்த ஆள் ஒருவர்கூட இல்லாத ஒரே நாடு போர்ச்சுகல்தான். அதன் தெற்கே அலென்தேஜோ வட்டாரத்திலுள்ள வால் டி செர்வா என்ற சிற்றூரில் இந்த அதிசயத்தை நேரிலேயே காணலாம்.

அந்த ஆட்சியைக் கவிழ்த்த புரட்சியின் பொன்விழாவுக்காக அங்கே ஒரு தொலைக்காட்சித் தொடர் தயாரானது. 'வரலாறு, அடையாளம், தாபம்' என்று சுவரொட்டியிலேயே போட்டிருந்தார்கள். எழுதியவள் லியோனில்டா. அவளுடைய அப்பாவை அந்த ஊர்க் காபிக்கடையில்தான் ரகசியப் போலீஸ் பிடித்தது. அவர் திரும்பவில்லை. துப்புக் கொடுத்தவன் யாரென்று அம்மா கிட்டேரியாவுக்குத் தெரியும். மகளிடம்கூடச் சொன்னதில்லை.

"பேரு வேணாம்டி. ஊர்ல ஒருத்தன் சொன்னான்னு மட்டும் காட்டு, போதும்" என்றாள். அந்த ஒரு காட்சிக்காகத்தான் லியோனில்டா தொடர் முழுவதையும் எழுதினாள்.

இம்மாதிரித் தொடர்கள் உருவாகும் விதமே அழகானது. நகராட்சி தெருக்களை இலவசமாகத் தரும். பதிலுக்கு ஊர்மக்களுக்குத் துணைவேடங்கள் தர வேண்டும். 'எதிர்ப்புப் போராளி' வேடத்துக்கு நின்ற வரிசை தேவாலயத்தைச் சுற்றி வந்தது. 'துப்பாளி' வேடத்துக்கான மேசையில் ஈ மட்டும் உட்கார்ந்திருந்தது.

"எங்கப்பா தலைமறைவுப் போராளிம்மா" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"அப்படியா? யாருமே சொன்னதில்லையே?" என்றாள் லியோனில்டா.

"அவ்வளவு ரகசியம்! அவருக்கே தெரியாதுன்னா பார்த்துக்குங்க."

கலாச்சாரத் துறையைக் கவனிக்கும் நகராட்சி உறுப்பினர் அனக்லேட்டு அவசரக் கூட்டம் கூட்டினார். மீன் வடையும் வந்தது.

"துப்புக் கொடுத்தவன் நம்ம ஊர்க்காரன்னு காட்டினா, உங்களுக்குத் தெரு கிடையாது."

"அப்ப போலீஸுக்கு எப்படித் தெரிஞ்சுதாம்?" என்று கேட்டாள் லியோனில்டா.

தயாரிப்பாளர் டெலிஸ் வடையைக் கீழே வைத்தார். மேதைகள் இப்படித்தான் வைப்பார்கள். "தாபம்! இன்ஸ்பெக்டருக்கும் பிடிபட்ட ஆளோட பெண்டாட்டிக்கும் காதல். படுக்கையில உளறிடறா. பின்னாடி கிடார்."

"யோவ், அது எங்கம்மா!"

"கதாபாத்திரம்மா அது. பேரைக்கூட மாத்திட்டேன் பாரு, கிளாரிஸ்!"

"ஊர்ல எங்கம்மாவைத் தெரியாதவங்க யாரு இருக்கா? என் பேரை எடுத்துடுங்க."

"போன வாரமே எடுத்தாச்சு."

தொடர் மகத்தான வெற்றி பெற்றது. ஒரு முழுத் தலைமுறைக்கும் தன் வரலாறு புரிந்தது: ஊர் முழுக்க வீரர்கள், ஒரு பெண்தான் சறுக்கிவிட்டாள். வரலாறு இவ்வளவு எளிமையாக இருக்கும் என்று அதுவரை யாரும் நினைக்கவில்லை.

கடைசிப் பாகத்தை ஊர்த் திரையரங்கில் போட்டார்கள். லியோனில்டா வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கிட்டேரியா வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். கட்டில் காட்சியில் ஊரே விம்மியது. விளக்கு எரிந்ததும் அனக்லேட்டு புரட்சியின் சின்னமான ஒரு சிவப்புப் பூவோடு அவளிடம் போனார். ஒலிவாங்கியும் கூடவே போனது.

"கிட்டேரியா அம்மா, நீங்களும் மனுஷிதானே. ஊர் உங்களை மன்னிச்சிடுச்சு."

கைத்தட்டல் கூரையைப் பிய்த்தது. லியோனில்டா எழுந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"உங்கப்பா எவ்வளவோ தேவலாம், அனக்லேட்டு. என் புருஷனைக் காட்டிக்கொடுத்த பிறகு, தெருவுல என்னைப் பார்த்தா தலையையாவது குனிஞ்சுக்குவாரு."