நான் திருத்திய மூன்று விடைகள்

நபீசா டீச்சரின் மூன்று சரியான விடைகளை நான் தவறாக மாற்றினேன். அதை மறைத்தேன். அவர் தோற்றபோது ஆறுதலும் சொன்னேன். (செய்த மூன்றில் ஆறுதல்தான் ஆகக் கேவலம்.)

நாங்கள் ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர்கள். அவர் கணக்கு, நான் சரித்திரம். ஓய்வுபெற்றபின், துபாயிலிருந்த அவருடைய மகன், இணையத்தில் இஸ்லாமிய வரலாறும் நாகரிகமும் கற்பிக்கும் ஒரு வகுப்பில் அம்மாவை உறுப்பினராகச் சேர்த்துவிட்டான். முதல் தேர்வில் தேறினால்தான் அடுத்த வகுப்பு. அங்கே ஆசிரியரிடம் நேரடியாகப் பேசலாம். டீச்சர் ஒரு கேள்வியோடு காத்திருந்தார்.

"நம்ம கடற்கரைக்கு வந்த அரபுக் கப்பலுகளப் பத்தி ஒரு வரிகூட இல்லியே சார். அதக் கேக்கணும்."

தேர்வு நேரம் பார்த்து அவருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை. திரையைப் பார்க்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். "நீங்க வாசியுங்க, நான் சொல்லுதத அமுக்குங்க, போதும்" என்று என்னை அழைத்தார். சுசீந்திரத்தில் பஸ் ஏறி, டீச்சர் வீடு இருக்கும் இடலாக்குடியில் இறங்கினேன்.

"உமய்யா கலீபாக்களின் தலைநகர் எது?"

"டமாஸ்கஸ்."

முப்பது வருடம் சரித்திரம் நடத்தியவன் நான். பாவம், கணக்கு டீச்சர்தானே என்று பாக்தாத்தை அமுக்கினேன். காகிதம் செய்யும் கலை அரபுகளுக்கு எங்கிருந்து வந்தது? சீனா என்றார். எகிப்தை அமுக்கினேன். அரபு எண்களின் பிறப்பிடம்? இந்தியா என்றார். (பெயரிலேயே விடை இருக்கிறதே!) அரேபியாவை அமுக்கினேன்.

"அமுக்கினியளா சார்?"

"அமுக்கியாச்சு டீச்சர்."

தேறுவதற்கு இருபதுக்குப் பதினைந்து வேண்டும். பதின்மூன்று வந்தது. என் திருத்தங்கள் மூன்றும் திரையில் சிவப்பாக எரிந்தன. அவரால் பார்க்க முடியாது.

"எனக்குக் கணக்குதான் சார் வரும்" என்றார்.

"வயசாயிட்டுல்லா டீச்சர், விடுங்க" என்றேன்.

அன்றே மடிக்கணினி அலமாரிக்குள் போய்விட்டது.

மூன்று வாரம் தாங்கினேன். பிறகு மனைவியிடம் சொன்னேன். "அங்க போய்ச் சொல்லிட்டு வாங்க. பொறவு சாப்பிடலாம்" என்றாள். போனேன், சொன்னேன். டீச்சர் மூன்று விரலை நீட்டினார்.

"மூணுமா சார்?"

"மூணும்."

"தப்பா சொன்ன நாலஞ்சு இருந்துல்லா, அதுல ஒண்ணத் திருத்தப்பிடாதா?"

வகுப்பை நடத்துபவர்களுக்கு, நடந்ததை எழுதி மன்னிப்புக் கேட்டேன். மறுதேர்வு கொடுத்தார்கள், உதவிக்கு வேறு ஆள் என்ற நிபந்தனையோடு. அதற்குள் டீச்சருக்குக் கண் தெளிந்துவிட்டது. யார் துணையும் இல்லாமல் எழுதித் தேறினார். அடுத்த வகுப்பில் தன் கேள்வியைக் கேட்டார். ஆசிரியருக்கு அது தெரியவில்லை. நீங்களே சொல்லுங்கள் அம்மா என்றாராம். குளச்சல் துறைமுகத்தில் தொடங்கி அரைமணி நேரம் பேசினார் டீச்சர்.

பிராயச்சித்தமாக நானும் உறுப்பினராகி, எல்லாப் பாடமும் கேட்டு, தேர்வு எழுதினேன். பதினான்கு.

டீச்சர் போனில் கூப்பிட்டார். "வயசாயிட்டுல்லா சார், விடுங்க."

இன்றைக்கும் சாம்பாரில் உப்பு போதாது என்று நான் திருத்தப் போனால் மனைவி சண்டைக்கு வருவதில்லை. "டமாஸ்கஸ்" என்கிறாள். நான் இருக்கிற உப்போடு சாப்பிடுகிறேன்.