சுற்றும் தட்டில் பெரியப்பாவின் இடம்

பீர்க்கன்கரணை,
திங்கட்கிழமை.

மிகுந்த மரியாதைக்குரிய தனசிங் பெரியப்பாவுக்கு, தம்பி மகள் ஜோவிதா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம். உங்கள் முழங்காலும் பெரியம்மாவின் ரோஜாத் தொட்டிகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் எதிரில் எனக்கு 'ம்' தவிர வேறொன்றும் வராது. அதனால் கடிதம்.

சனிக்கிழமை லேபுக்கு வந்து, ஜோசலின் மேடத்திடம் பேசி, என்னை வேலையிலிருந்து நிறுத்தி, டுடோரியலில் சேர்த்துப் பத்தாவது எழுத வைக்கப் போவதாக அம்மாவிடம் சொன்னீர்களாம். தயவுசெய்து வர வேண்டாம். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. "தார் காய்ச்சுறதெல்லாம் ஒரு வேலையா?" என்றும் கேட்டீர்களாம். காய்ச்சுவதில்லை பெரியப்பா, வயசாக்குகிறோம். ரோட்டில் கிடக்கும் தார் வெயிலிலும் காற்றிலும் இறுகி, ஏழெட்டு வருஷத்தில் வெடித்துப் பள்ளமாகிறது. அதுவரை யார் காத்திருப்பது? அதனால் கண்ணாடிப் பாட்டில்களில் கொஞ்சம் கொஞ்சம் தார் ஊற்றி, அடுப்புக்குள் ஒரு வட்டத் தட்டில் செருகி, சூடான காற்றில் சுற்ற விடுகிறோம். பிறகு ஓர் இரும்புக் கலத்தில் ஒரு நாள் அழுத்தி அடைத்தால் கிழமாகி வெளியே வரும். அதை மெஷின் தண்ணீருக்குள் இழுத்துப் பார்க்கும். நல்ல தார் நூலாக நீளும், மற்றது பட்டென்று அறும்.

ஹரிபிரசாத் சார் என்று ஒரு ரோடு காண்ட்ராக்டர். யாரிடம் தார் வாங்குவது என்று பார்க்க எட்டு வியாபாரிகளின் தாரை அனுப்பியிருந்தார். பாட்டிலில் மார்க்கரால் எழுதும் எண் அடுப்புச் சூட்டில் போய்விடுகிறது. மேடம், "உனக்கு ஞாபகம் இருக்கிற மாதிரி ஏதாவது வெச்சுக்கோ ஜோவிதா" என்றார். எதை வைப்பது என்று கேட்க எனக்கு வெட்கம். தட்டில் எட்டு இடம், நம் வீட்டில் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு வட்டமாக உட்கார்வதும் எட்டுப் பேர், ஆகவே உச்சியில் நீங்கள், வலப்பக்கம் ரத்தினபாய் பெரியம்மா, அப்புறம் மெர்வின் அண்ணா என்று வரிசை வைத்து, முடிவையும் அந்தப் பெயர்களிலேயே எழுதிவிட்டேன். மேடத்துக்கு அன்று காய்ச்சல். அப்படியே டைப் செய்து அனுப்பிவிட்டார்.

மறுநாள் ஹரிபிரசாத் சாரிடமிருந்து போன், ஸ்பீக்கரில்.

"இன்னா மேடம், தாரு விக்கிறவன் அத்தினி பேரையும் எனக்குத் தெரியும். யாரு இந்த தனசிங்? கெயவனானப்புறமும் அறுந்துக்கலன்னு போட்டுக்கீது. நம்பர் குடுங்க, நாளைக்கே ரெண்டு டேங்கர் எறக்கிக்கிறேன்."

மேடம் என்னைப் பார்த்தார். நான் மெதுவாக, "பெரியப்பா" என்றேன்.

"அவர் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் சார்" என்றார் மேடம் போனில்.

"பரவால்ல மேடம், சரக்குதான் முக்கியம். அந்த ரத்தினபாய் அம்மாவுதுதான் வேணாம். மொதல்லயே அறுந்துச்சாமே."

மேடம் போனை வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். என்னைத் திட்டவில்லை. ஆகவே இங்கே ஒரு குறையும் இல்லை. எட்டுப் பேரில் அறாமல் நின்றவர் நீங்கள் ஒருவர்தான் என்ற சந்தோஷத்தோடு வீட்டிலேயே இருங்கள். இதைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

கர்த்தர் உங்கள் முழங்காலைப் பலப்படுத்துவாராக.

கீழ்ப்படிதலுள்ள மகள்,
ஜோவிதா

பின்குறிப்பு (வியாழக்கிழமை): கவரை ஒட்டும்போதுதான் உறைத்தது. கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் யாரும் சுற்றுவதில்லை, தட்டு சுற்றுகிறது. அது நின்றபோது உச்சியில் இருந்தது நீங்கள்தானா என்று எனக்கே தெரியாது. நானாகவே போய் மேடத்திடம் சொன்னேன், இரண்டு முழு வாக்கியம். பாட்டில்களின் அடியில் எண்ணைக் கீறி, மிச்சத் தாரில் எட்டையும் மறுபடி செய்தோம். நூலாக நீண்டது பெரியம்மா. முதலில் அறுந்தது நீங்கள். "பத்தாவது முடிச்சிட்டு வா, ரிப்போர்ட்டை நீயே போடலாம்" என்றார் மேடம். தபாலில் போட்டால் சனிக்கிழமைக்குள் வந்து சேராது, அதனால் இதை மெர்வின் அண்ணாவிடம் கொடுத்தனுப்புகிறேன். சனிக்கிழமை அவசியம் வாருங்கள், டுடோரியல் பாரத்தோடு. சாயங்கால வகுப்பாக இருக்கட்டும். பெரியம்மாவையும் கூட்டி வாருங்கள். ஹரிபிரசாத் சார் இப்போது அவர்கள் நம்பரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.